செவ்வாய்க்கிழமைத் துணிகள்

டங்கன் ஆறு பத்துக்கு எழுந்தான். கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் பிடித்தான். பூனைக்கு டின்னைத் திறந்து பாதியை வைத்தான். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தான். இரண்டு துண்டு ரொட்டி சுட்டு, வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு பின்பக்கக் கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டு, வேலைக்குக் கிளம்பும் நேரம்வரை ஆடுகளுக்கு வர்ணம் அடித்தான்.

ஆடு ஒன்பது மில்லிமீட்டர் உயரம். முகமும் காலும் கறுப்பு. அந்த வட்டாரத்து ஆடு அப்படித்தான். அறுபதில் நாற்பத்தொன்று முடிந்திருந்தது. ஓர் ஆட்டுக்கு மூன்று நிமிடம். அவசரப்பட்டால் கண் பிசகும். அவன் அவசரப்படுவதில்லை. பதினொரு மாதமாக எதற்குமே அவசரப்படவில்லை.

அவன் மனைவி ஹெஸ்டர் இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வயது. கவுண்டி ஆவணக் காப்பகத்தில் வேலை. ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, கையில் ஒரு பெட்டியோடு மாடிப்படி ஏறும்போது தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது. அவளை உயிரோடு டங்கன் கடைசியாகப் பார்த்தது அன்று காலை ஏழே முக்காலுக்கு, இதே கொட்டகை வாசலில்.

அடக்கத்துக்கு முந்தின நாள் அவள் அம்மா கிலியன் கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னா?" டங்கன் கொஞ்சம் யோசித்தான். "பத்திரமா இருன்னு சொன்னா" என்றான். அது பொய். கிலியன் அழுதாள். பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். அடக்கத்தன்று கொடுத்த அட்டையின் பின்பக்கம் அது அச்சாகியிருந்தது. அதற்கப்புறம் அதைத் திருத்த நேரம் வரவில்லை.

ஆடுகள் கெம்பரிக்குப் போக வேண்டியவை. கெம்பரி, இங்கிலாந்தும் வேல்ஸும் தோள் உரசும் இடத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன். அறுபதுகளில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு டயர் கடை இருக்கிறது. டங்கனும் ஹெஸ்டரும் அவர்களுடைய மாதிரி ரயில் கிளப்பும் ஐந்து வருடமாக அதைச் சின்ன உருவில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜத்தின் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் கணக்கில், பலகைமேல் பதினெட்டு அடி நீளம். அதுவும் வெறும் கெம்பரி அல்ல. 1938ஆம் வருடம் ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக் கெம்பரி.

நாள் குறித்துக் கட்டுவது இந்தக் கூட்டத்தின் வழக்கம். முப்பதுகளில் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவனை யாரும் மதிப்பதில்லை. நாள் சொல்லிவிட்டால் அப்புறம் தப்ப முடியாது. அன்றைக்கு வந்தது எந்த எஞ்சின், அதன் தண்ணீர்த் தொட்டியில் என்ன முத்திரை, எந்தச் சரக்குப் பெட்டியில் பழைய பெரிய எழுத்து, எதில் முப்பத்தாறுக்கு அப்புறம் வந்த சின்ன எழுத்து, கடைசிப் பெட்டியின் வாலில் சிவப்பு விளக்கு தொங்குகிறதா, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தவள் ஹெஸ்டர். கெம்பரியில் செவ்வாய் சந்தை நாள். அன்றைக்குத்தான் கால்நடை வண்டி வரும், பட்டி நிறையும், ஊரே ஸ்டேஷனில் நிற்கும்.

கண்டுபிடிப்பது ஹெஸ்டர், கட்டுவது டங்கன். அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அவன் பட்டி வேலிக்கு அழகாக வெள்ளைச் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். "அழி. சுண்ணாம்பு அடிக்கிறத நிறுத்திப் பத்து வருஷம் ஆகுது." 1938இலிருந்து பத்து வருடம். அவள் கணக்கு எப்போதும் அங்கிருந்துதான். அவன் அழித்தான்.

அவள் தன் கையால் செய்தது ஒன்றே ஒன்று. லெவல் கிராசிங் காவலர் வீட்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கொடி. பித்தளைக் கம்பியில் இரண்டு கம்பம், நடுவே நூல். சிகரெட் சுற்றும் தாளில் வெட்டிய இரண்டு படுக்கை விரிப்பு, மூன்று சட்டை, இரண்டு சின்ன கவுன். காற்று ஒரே திசையில் அடிப்பதுபோல் எல்லாத் துணியும் ஒரே பக்கமாக உப்பியிருந்தன. இறப்பதற்கு முந்தின நாள் மாலை அதைச் செய்து முடித்தாள். அவள் போய் ஒரு மாதம் கழித்து டங்கன் அதைக் கெம்பரியில் நட்டான். கம்பம் இரண்டும் அரை மில்லிமீட்டர்கூடச் சாயவில்லை.

கெம்பரி போட்டிக்குப் போகும் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை, குறை பார்க்கும் நாள் வந்தது. இதுவும் கிளப்பின் வழக்கம்தான். ஒருவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து, கண்ணில் படும் தப்பையெல்லாம் எழுதுவார். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நடப்பவர் எப்போதும் நார்மன். எழுபத்தொன்பது வயது. முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் அறையில் இருந்தவர். கையில் பூதக்கண்ணாடி, காதில் பென்சில்.

கிளப் கூடும் பழைய தேவாலயப் பள்ளிக்கூட அறையில் கெம்பரி நீட்டிக் கிடந்தது. நார்மன் பட்டியருகே வந்து குனிந்தார்.

"ஆடு நல்லாருக்கு தம்பி. உயிரோட இருக்கிற ஆட்டவிட நல்லாருக்கு."

"இன்னும் பத்தொம்பது பாக்கி."

"வால் விளக்கு?"

"போட்டாச்சு."

"ரெண்டாவது வண்டிக்கு?"

"ரெண்டுக்கும் போட்டாச்சு நார்மன். போன சனிக்கிழமையும் இதையேதான் கேட்டீங்க."

"அடுத்த சனிக்கிழமையும் கேப்பேன். வால் விளக்கு இல்லாம ஒரு வண்டி என்னத் தாண்டிப் போனதில்ல. இனிமேலும் போகாது."

அவர் கிராசிங் வீட்டருகே வந்து நின்றார். பென்சிலை எடுத்தார். ஏதோ எழுதினார். அடித்தார். நகரவில்லை.

கிளப் செயலாளர் ப்ரூ தட்டில் தேநீரோடு வந்தாள். அறுபதைத் தாண்டியவள், பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருந்து ஓய்வு பெற்றவள். "என்ன, நார்மன் வாயடைச்சுப் போய் நிக்கிறாரு? யாராச்சும் போட்டோ எடுங்கப்பா."

நார்மன் சிரிக்கவில்லை. "டங்கன், ஒண்ணு சொல்லணும். சொல்ல எனக்கே புடிக்கல."

"சொல்லுங்க."

"இங்க இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"துணி காயுது."

டங்கன் கொடியைப் பார்த்தான். அவனுக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. அந்த நாளைய இங்கிலாந்தில் துவைப்பது திங்கட்கிழமை. நாடு முழுக்க, பணக்காரர் ஏழை எல்லோர் வீட்டிலும் திங்கட்கிழமை. அடுப்பு பூராவும் துணி வெந்துகொண்டிருக்கும் என்பதால் அன்றைக்குச் சமையல்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சியை ஆறினபடியே தின்பார்கள். செவ்வாய், இஸ்திரி போடுகிற நாள்.

"எங்கம்மா செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டிருந்தா," என்றார் நார்மன், "வீட்டுல யாரு செத்துட்டாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கேக்க வந்திருப்பாங்க."

ப்ரூ அவர் விலாவில் முழங்கையால் இடித்தாள். தட்டில் தேநீர் தளும்பியது.

"ஐயோ. மன்னிச்சுக்க தம்பி. வாயில வந்துடுச்சு."

"பரவால்ல," என்றான் டங்கன்.

"அந்த மிஸ் தர்ஸ்பிதான் நடுவர்," என்றாள் ப்ரூ. "போன வருஷம் ஆகஸ்ட் மாசத்து ஸ்டேஷன்ல மார்ச்சுல பூக்கிற டாஃபடில் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுன்னு முழுசையும் ஒதுக்கிட்டாங்களே. அந்தப் பூ கடுகளவுதான் இருக்கும். நமக்கு ரெண்டு பெட்ஷீட்டு தொங்குது."

"நானே எடுத்துத் தரேன்," என்றார் நார்மன். "பசையக் கரைக்கிற தண்ணி வச்சிருக்கேன். பூப்போல எடுத்து ஒரு பெட்டில வச்சுத் தரேன். நீ வீட்டுல வச்சுக்கலாம்."

டங்கன் விரல் நுனியால் பலகையின் ஓரத்தைத் தொட்டான். கவுண்டியின் பாலங்களைச் சோதிப்பது அவன் வேலை. சுத்தியலால் தட்டிப் பார்த்து, எது தாங்கும் எது தாங்காது என்று சொல்ல வேண்டும். "தாளும் நூலும் நார்மன். அந்தத் தண்ணி பட்டா ஊறிக் கரைஞ்சிடும். இது கழட்டினா திரும்ப வராது."

"அப்ப நாளைத் திங்கக்கிழமையாக்கு."

"ஆக்கினா ஆடு?" என்றாள் ப்ரூ.

"ஆடு போகணும். பட்டி, கால்நடை வண்டி ரெண்டு, ஆட்டுக்காரங்க பதினோரு பேரு, எல்லாம் போகணும். மிஞ்சறது ஒரு ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரு நாயும்."

"அந்த நாயும் ஆட்டு நாய்தான்," என்றாள் ப்ரூ.

டங்கன் நிமிர்ந்தான். "ஹெஸ்டர் கிழமைல தப்புப் பண்ண மாட்டா."

"எல்லாரும் பண்ணுவாங்க தம்பி. நானே பண்ணிருக்கேன்."

"அவ பண்ண மாட்டா."

குரலை உயர்த்தவில்லை. இந்தப் பாலம் நாற்பது டன் தாங்கும் என்று சொல்கிற அதே குரல்.

நார்மன் சுவரைப் பார்த்தார். அங்கே கிளப்பின் விதிகள் ஓர் அட்டையில் ஒட்டியிருந்தன. கடைசி விதி ஹெஸ்டர் கையெழுத்தில் இருந்தது, அவளே கொண்டுவந்து ஓட்டெடுப்பில் ஜெயித்த விதி: ஆதாரம் இல்லையா, எடுத்துவிடு.

"நான் சொல்லல. அவ சொல்றா," என்றார் நார்மன் மெதுவாக.

"அடுத்த சனிக்கிழமை ஆதாரத்தோட வரேன். இல்லன்னா நானே எடுத்துடறேன்."

"கொண்டு வா கண்ணு," என்றாள் ப்ரூ. "கொண்டு வந்தா நார்மன் வாயத் தைச்சுக்குவாரு."

"தைக்கல்லாம் மாட்டேன்," என்றார் நார்மன். "ஒத்துக்குவேன்."

மறுநாள் ஞாயிறு. ஒரு கோப்பைக்குத் தண்ணீர். பூனைக்குப் பாதி டின். ரொட்டி. கோப்பையைக் கழுவியதும் டங்கன் மாடிக்குப் போய், அலமாரி மேலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கினான். ஹெஸ்டரின் மேசையில் இருந்தவற்றைக் காப்பகத்திலிருந்து அனுப்பிய பெட்டி. பதினொரு மாதமாக ஒட்டுநாடா பிரியாமல் அங்கேயே இருந்தது.

கத்தியால் பிரித்தான். மேலே அவளுடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அதன் கீழே ஒரு கோப்பை, அடியில் தேநீர்க் கறையோடு. ஒரு நோட்டுப் புத்தகம். கம்பளிச் சட்டையைத் தரையில் வைத்தான். பூனை வந்து முகர்ந்து, மூன்று சுற்றுச் சுற்றி, அதன் மேலேயே படுத்துக்கொண்டது. அவன் விரட்டவில்லை. கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி, தன்னுடையதுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். பிறகு நோட்டைத் திறந்தான்.

முழுக்கப் பென்சில். காப்பகத்தில் பேனாவுக்கு இடமில்லை. கெம்பரியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், பக்கத்தில் அதற்கான ஆதாரம். நாற்பத்தொன்று, பட்டி வேலி. நாற்பத்தாறு, தபால் பெட்டி. ஐம்பத்திரண்டு, ஸ்டேஷன் மாஸ்டரின் மீசை. அதற்கு ஒரு கல்யாணப் புகைப்படம் ஆதாரம். கடைசியாக எழுதியிருந்தது ஐம்பத்தெட்டு. தேதி, அவள் இறப்பதற்கு முந்தின நாள்.

"58. துணிக்கொடி. பள்ளிப் பதிவேடு, ஜூன் 13, 14. தரை சரியில்லை! டங்கனிடம் சொல்லணும்."

அவன் அந்த வரியை நான்கைந்து முறை படித்தான். தரைக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. அன்று அவன் பால வேலை முடிந்து வீடு திரும்பியபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். மறுநாள் மாலை சொல்லலாம் என்று இருந்திருப்பாள்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக் காப்பகத்துக்குப் போனான். ஹெஸ்டரோடு வேலை பார்த்த க்ளெனிஸ் கீழேயே காத்திருந்தாள். வேல்ஸ்காரி, யாரையும் தொட்டுப் பேசுபவள். அன்றைக்குத் தொடவில்லை.

"லிஃப்ட் இருக்கு டங்கன்."

"தெரியும்."

படியிலேயே ஏறினான். பதினெட்டுப் படி. எந்தப் படி என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கெம்பரிப் பள்ளியின் பதிவேடு தடித்த நீலப் புத்தகம். க்ளெனிஸ் அதைப் பஞ்சு மெத்தைமேல் கிடத்தி, ஒரு பென்சிலையும் தாளையும் வைத்துவிட்டு நகர்ந்தாள். தலைமையாசிரியை ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று வரி எழுதியிருந்தாள். கையெழுத்து நேராக, கடுகடுப்பாக இருந்தது.

"ஜூன் 13, திங்கள். விடிந்ததிலிருந்து விடாத கனமழை. முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேரே வந்தனர். ஜூன் மாதமாயினும் அடுப்பு மூட்டி அவர்களை உலர்த்த வேண்டியதாயிற்று."

"ஜூன் 14, செவ்வாய். வெயில். நல்ல மேல்காற்று. கிராசிங் வீட்டுப் பியூ சகோதரிகள் இருவரும் வரவில்லை. நேற்றுத் துவைக்க இயலாமையால் இன்று தாய்க்கு உதவியாக வீட்டில் நிறுத்தப்பட்டனராம். இது மூன்றாவது முறை. கடிதம் அனுப்பியுள்ளேன்."

டங்கன் படித்தான். மேல்காற்று. இரண்டு சகோதரிகள். இரண்டு சின்ன கவுன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிய அவனுக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

க்ளெனிஸ் திரும்பினாள். "என்ன?"

"கடிதம் அனுப்பிருக்காங்க."

"ஹெஸ்டரும் இதே எடத்துலதான் சிரிச்சா. வாசிக்கிற அறைன்னுகூடப் பாக்காம, சத்தமா. இத உங்கிட்ட சொல்லியே ஆகணும்னா. சொல்லலையா?"

"நேரம் இல்ல."

க்ளெனிஸ் தலையாட்டினாள். "இந்தப் பக்கத்த ரெண்டு காப்பி எடுத்துத் தரவா?" என்றாள்.

"மூணா எடுங்க. நார்மன் ஒண்ணக் கசக்கிடுவாரு."

படியிறங்கும்போதுதான் தரை விஷயம் உறைத்தது. எட்டாவது படியில் நின்றுவிட்டான். திங்கள் முழுக்க மழை. செவ்வாய் காலை பத்தரைக்கு ஆயிரம் குளம்பு மிதித்த முற்றம். அவன் அந்த முற்றத்தை இரண்டு வாரம் மெனக்கெட்டு, சலித்த சாம்பலும் மண்ணும் தூவி, புழுதி பறக்கிற மாதிரி செய்துவைத்திருந்தான். துணியில் தப்பில்லை. கெம்பரியில் இருந்த ஒரே தப்பு அவனுடையது.

சனிக்கிழமை நார்மன் நகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.

"மூணாவது முறையாம்."

"ஆமா."

"அந்தப் பியூ வீட்டம்மா லேசுப்பட்டவ இல்ல போல."

"வாத்தியாரம்மாவும்தான்."

நார்மன் கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி. ஒத்துக்கறேன்."

"என்ன சொன்னாரு?" என்றாள் ப்ரூ அறையின் மறுகோடியிலிருந்து. "எனக்குக் கேக்கல."

"ஒத்துக்கறேன்னு சொன்னேன்!"

"இன்னொரு தடவ."

"போடி."

டங்கன் முற்றத்தைக் காட்டினான். "ஆனா தப்பு இருக்கு. என்னோடது. பூரா காஞ்சு கெடக்கு."

நார்மனின் முகம் மெல்ல மலர்ந்தது. பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிறவர் மாதிரி இருந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "குட்டை வேணும். எத்தன?"

"வண்டித்தடம் பூரா. பட்டி வாசல்ல பெருசா ஒண்ணு."

"கூரை?"

"காத்துல காஞ்சிருக்கும்."

"வடக்குப் பக்கம் காஞ்சிருக்காது."

"பத்தரை மணிக்கா? ஜூன் மாசத்துல?"

"பாசி புடிச்ச ஓடுப்பா. நான் பத்து வருஷம் அப்படி ஒரு கூரைக்குக் கீழ குடியிருந்திருக்கேன்."

கூரைக்காகவே இருபது நிமிடம் சண்டை போட்டார்கள். கடைசியில் வடக்குப் பக்கக் கீழ் வரிசை மட்டும் ஈரம் என்று முடிவாயிற்று.

அந்த இரண்டு வாரமும் டங்கன் சுறுசுறுப்பாக வேலை செய்தான். புழுதியைச் சுரண்டி எடுத்தான். ஈரமண் நிறம் கலந்து பூசினான். ஊசிமுனையை இரண்டாகப் பிளந்து, அதனால் ஒவ்வொரு குளம்படியாகக் குத்தினான். குட்டைகளுக்கு வார்னிஷை ஏழு தடவை, ஒவ்வொன்றாகக் காயவிட்டு ஊற்றினான். ஏழாவது பூச்சு காய்ந்தபோது, கொடியில் தொங்கிய வெள்ளை விரிப்பு பக்கத்துக் குட்டையில் தலைகீழாகத் தெரிந்தது. அப்படித் தெரியும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பிறகு அறுபது ஆட்டையும் வரிசையாக நிறுத்திக் காலில் சேறு பூசினான்.

"கால்தான் ஏற்கெனவே கறுப்பாச்சே, யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் ப்ரூ.

"சேறு பழுப்பு," என்றார்கள் டங்கனும் நார்மனும் ஒரே நேரத்தில்.

கண்காட்சி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டரங்கில் நடந்தது. காலை பத்து மணிக்கே கூட்டம். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியின் வாசனை. முதுகுப் பையோடு திரும்பி யார் மூக்கையாவது இடிக்கும் பெரியவர்கள். கெம்பரியில் வண்டிகள் அந்த நாளின் அட்டவணைப்படி வந்தன, போயின. அட்டவணையில் இருபது நிமிடம் வண்டி இல்லையென்றால் இருபது நிமிடம் எதுவும் ஓடவில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். டங்கன் அசையவில்லை. அன்றைக்குக் கெம்பரியில் நின்றவர்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மிஸ் தர்ஸ்பி வந்தாள். ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடியோடு. முழு நீளமும் ஒருமுறை நடந்தாள். கிராசிங் வீட்டருகே நின்றாள்.

"அறிவிப்புப் பலகையில செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க," என்றான் டங்கன்.

"துணி காயுதே."

நார்மன் அதற்காகவே பிறந்தவர்போல உள்சட்டைப் பையில் கைவிட்டு நகலை எடுத்தார். காலையிலிருந்து ஒன்பது பேரிடம் காட்டி முடித்திருந்தார். மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது. மிஸ் தர்ஸ்பி படித்தாள். குட்டைகளைப் பார்த்தாள். குனிந்து ஆட்டின் கால்களைப் பார்த்தாள். கூரையின் வடக்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தாளுக்கு வந்தாள்.

"மூணாவது முறையா," என்றாள்.

"நானும் அதான் சொன்னேன்," என்றார் நார்மன்.

"இத யாரு கண்டுபிடிச்சது?"

"என் மனைவி," என்றான் டங்கன். "ஹெஸ்டர்."

"அவங்க இங்க இருக்காங்களா?"

"இல்ல. போன வருஷம் எறந்துட்டா."

மிஸ் தர்ஸ்பி கண்ணாடியைக் கழற்றினாள். தாளை மடிப்பின்படியே மடித்து நார்மனிடம் கொடுத்தாள். "நான் இருபத்திரண்டு வருஷமா இந்த வேலையப் பாக்கறேன். யாரும் என்கிட்ட மழையக் கொண்டு வந்து காட்டினதில்ல." தன் குறிப்பேட்டில் இரண்டு வார்த்தை எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். அவள் என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்க்கப் போன நார்மன், ஒரு முதுகுப் பையில் முட்டிக்கொண்டு திரும்பினார்.

இரண்டரை மணிக்கு ஹெஸ்டரின் அம்மா கிலியன் வந்தாள். இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள். பச்சைக் கோட்டில் மழைத்துளி. டங்கனைக் கட்டிக்கொண்டாள். அவன் நின்றான்.

"இதானா அது?"

"இதான்."

"இதுல எது அவ செஞ்சது?"

டங்கன் காட்டினான். கிலியன் தடுப்புக் கயிற்றின்மேல் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தாள். "அவளுக்கு ஊசில நூல் கோக்கக்கூட வராதே," என்றாள். "பள்ளிக்கூடத்துல தையலுக்கு எப்பவும் நான்தான் போட்டுக் கொடுப்பேன்." பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம், அவ ஞாபகமா ஆத்தங்கரைல பெஞ்சு போட அனுமதி வந்துடுச்சு. தகடு வர்ற புதன்கிழமை செதுக்கறாங்க. அவ பேரு, வருஷம். கீழ, 'பத்திரமா இரு'ன்னு போடச் சொல்லிருக்கேன். சரிதானே?"

டங்கன் பலகையின் பக்கம் திரும்பினான். அட்டவணை மறுபடி முதலிலிருந்து ஓடி, கெம்பரியில் காலை பத்து முப்பத்திரண்டு ஆகியிருந்தது. கால்நடை வண்டி மெதுவாகக் கிராசிங்கைக் கடந்தது. கடைசிப் பெட்டியில் வால் விளக்கு தொங்கியது. ஒவ்வொரு குட்டைக்கும் ஆதாரம் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் மீசைக்கும் இருந்தது.

கிலியன் கையை நீட்டினாள். ஒரு விரல், சின்ன கவுனை நோக்கிப் போனது.

"கிலியன்."

விரல் நின்றது.

"அத தகட்டுல போடாதீங்க. அவ அப்படிச் சொல்லல. நீங்க கேட்டீங்க, நானா ஏதோ சொன்னேன்."

கிலியன் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் கோபப்படவில்லை, பாலத்தைத் தட்டிப் பார்க்கிறவள் மாதிரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப என்னதான் சொன்னா?"

"இந்தக் கொடி கொட்டகைல, மேசைமேல இருந்துச்சு. அவ வாசல்ல நின்னு சைக்கிள் ஹெல்மெட்டு மாட்டிட்டிருந்தா. நான் இதே மாதிரி, இப்ப நீங்க நீட்டினீங்களே, அதே மாதிரி விரல நீட்டினேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல. வாசப்படி எறங்கிட்டே சொன்னா."

"என்னன்னு?"

"தொடாத டங்கன். பசை இன்னும் காயல."